செவ்வாயும் வெள்ளியும் திரிந்த பால்

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றும் பால் திரிந்துவிட்டது. சாயங்காலம், கடை நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, மானம் போகிற மாதிரி திரிந்தது. தங்கமுத்து மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். கட்டி கட்டியாகத் தொங்கியது. "அம்மணி, இன்னைக்கும் போச்சுங்க" என்று ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அந்த மனிதருக்கு ரகசியம் பேசத் தெரியாது. காபி ஆற்ற மட்டும்தான் தெரியும்.

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. ஜனவரியிலிருந்து அலமாரியில் தூங்கியது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால் இதனிடம் சொல்கிறேன். இது திருப்பிப் பேசாது என்பது ஒரு வசதி.

உடுமலை கடைவீதியில் 'வேணி காபி' என்று தை மாதம் போர்டு மாட்டினேன். கமலவேணியில் பாதி. என் வீட்டுக்காரர் லோகநாதன் போய் நான்கு வருடம் ஆகிறது. இனிமேல் யார் வீட்டுச் சோற்றையும் எதிர்பார்க்கக்கூடாது என்றுதான் கடை. நன்றாகவும் ஓடியது. பங்குனிக் கடைசியில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத ஒரு வெயில் நாளில் முதல் தடவை பால் திரிந்தது. ஃபிரிட்ஜ் ஓடவில்லை, திரிந்தது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கரண்ட் இருந்தும் திரிகிறது. காலைப் பால் திரிவதில்லை. மற்ற நாளில் திரிவதில்லை. செவ்வாய், வெள்ளி, மத்தியானம் வருகிற பால் மட்டும்.

கட்டட உரிமையாளர் சென்னியப்பண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடை ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது. "மறுபடி உனக்குத்தான் தருவேன், என்ற புது வீட்டுப் பால் காய்ச்சறதுக்கும் உன்ற காபிதான்" என்று வாய் நிறையச் சொன்ன மனிதர், இன்று காபி குடிக்காமலேயே போய்விட்டார்.

ஏப்ரல் 16, புதன்

ஒரு பேக்கரிக்காரர் வந்து கடையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனாராம். நான் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில். மாஸ்டர் சொன்னார், வழக்கமான ரகசியக் குரலில்.

காலைப் பால் சாயங்காலம் வரை நன்றாகவே இருந்தது. புதன்கிழமைக்கு யாரும் பயப்படுவதில்லை போல.

ஏப்ரல் 18, வெள்ளி

திரிந்தது.

பால்காரர் ரங்கசாமியைப் பிடித்து ஒரு பிடி பிடித்தேன். "பழைய பாலக் கலக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மணி, என்ற மாட்டு மேல சத்தியமுங்க. கறந்த சூடு ஆறறதுக்குள்ள கொண்டாரனுங்க. நீங்களே வந்து பாருங்க" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் விடவில்லை. அடுத்த செவ்வாய் சோதித்துப் பார்ப்பேன்.

மத்தியானம் வழக்கம்போல நங்கையா வந்தாள். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். பெயர் துளசிமணி. பேச்சில் துளசியும் இல்லை, மணியும் இல்லை. அடுத்த தெருவில்தான் வீடு. செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மன் கோயில் உச்சிப் பூஜை முடித்து நேராகக் கடைக்கு வருவாள். "போய்ச் சோறு தின்னுட்டு வா, நாம் பாத்துக்கறேன்" என்று என்னைத் துரத்திவிட்டுக் கல்லாவில் உட்கார்வாள். மற்ற நாளில் தூக்குப்போசியில் சோறு கொடுத்தனுப்புவதோடு சரி. தம்பி பணத்தில் ஆரம்பித்த கடையை நான் எப்படிக் கெடுக்கிறேன் என்று பார்க்கத்தான் வருகிறாள், வேறு எதற்கு? இன்று பூசாரி கொடுத்ததாகக் கை நிறைய எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கல்லா பக்கத்தில் வைத்தாள், கண் படாமல் இருக்க. மீதியில் ஊறுகாய் போடுவாளாக இருக்கும். எனக்கு ஒரு துண்டு வந்ததில்லை.

ஏப்ரல் 19, சனி

பால் நன்றாக இருக்கிறது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

சோதனை முடிந்தது. ரங்கசாமி கொண்டுவந்த மத்தியானப் பாலில் ஒரு செம்பு எடுத்து வீட்டில் காய்ச்சினேன். தங்கமாகப் பொங்கியது. அதே கேனிலிருந்து கடைப் பானைக்குப் போனது திரிந்தது. ரங்கசாமி மீது தப்பில்லை. நேரில் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க அம்மணி" என்றார். நாளைக்கு அவருக்கு ஒரு ஸ்ட்ராங் காபி, காசு வாங்காமல்.

அப்படியானால் கோளாறு கடைக்குள் இருக்கிறது. பானையை நானே சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கரண்டியை மாற்றினேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். கொல்லைப் பக்கம் கறிவேப்பிலைச் செடி மட்டும் தளதளவென்று நிற்கிறது. யாரோ அதற்குப் புளித்த மோர் ஊற்றுகிறார்கள் போல. கடை வாடுகிறது, செடி செழிக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

மாஸ்டர் இன்று வர அரை மணி நேரம் தாமதம். சைக்கிள் பஞ்சர். வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள். பால் வந்துவிட்டது. டிகாக்‌ஷன் தூள் போட்டாகிவிட்டது. அடுப்புதான் பற்றவைக்கவில்லை. தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது.

ஒரு பெரியவர் பொறுக்காமல் எட்டிப் பார்த்து, "பெட்டியக் குடு அம்மணி, நாம் பத்த வெக்கறேன்" என்றார். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. வெயில் வந்து காய்ந்துவிட்டது போல.

அடுப்பு பற்றவைப்பது மாஸ்டர் வேலை. எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

திரிந்தது. இன்று சென்னியப்பண்ணனின் வீட்டம்மா நல்லம்மாக்கா கோயிலிலிருந்து வரும் வழியில் கடைக்குள் வந்திருந்தார். மாஸ்டர் கரண்டியைத் தூக்கிய சமயம் பார்த்து வந்தார். அந்த அம்மாவின் நேரம் எப்போதும் அப்படித்தான். யாரிடமோ சொல்வது மாதிரி என்னிடம் சொன்னார்: "சில கைக்குப் பால் பொங்கும். சில கைக்குத் திரியும். நாம என்ன பண்ண முடியும், அது வரம்."

நான் கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

பின்னாலேயே சென்னியப்பண்ணன் வந்தார். "கமலா, தப்பா நெனைக்காதம்மா. வைகாசில புது ஊட்டுக்குப் பால் காய்ச்சறேன். அதுக்குப் பால் திரியற கடைல காபி வாங்குனா ஊரு என்ன சொல்லும்? கடையப் பத்தியும் சித்திரை முடிஞ்சு பேசிக்கலாம்" என்றார். பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், டேப் வைத்து அளந்தவருக்கும் தெரியும்.

சாயங்காலம் மாஸ்டரைச் சந்தேகப்பட்டேன். பேக்கரிக்காரர் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தால்? நேராகக் கேட்டேன். "கேட்டாருங்க அம்மணி" என்றார் உடனே. "கேக்கு செய்யற எடத்துல எனக்கென்னங்க வேலை, போங்கன்னுட்டனுங்க." ரகசியமே பேசத் தெரியாத ஆள் துரோகம் எங்கே செய்வார்?

மீதி இருப்பது யார்? நான்.

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். லோகு போன பதினாறாம் நாள் மாமியார் சொன்னது இது: "இவ கை பட்டது எதுவும் உருப்படாது. இனிமே இந்த ஊட்டு அடுப்ப இவ பத்த வெக்க வேண்டாம்." கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நங்கையா சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. நான் அதற்கப்புறம் எந்த அடுப்பையும் முதலில் பற்றவைத்ததில்லை. வீட்டில் கூட பக்கத்து வீட்டுப் பெண் வந்து பற்றவைத்துவிட்டுப் போவாள். நமுத்துப்போனது தீப்பெட்டி இல்லை.

இந்தப் பேச்சையெல்லாம் நான் நம்புவதில்லை. நம்பாமலேயே பயப்படுகிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

திரிந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

மே 2, வெள்ளி

திரியவில்லை!

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரும்போது கோடை மழை கொட்டித் தீர்த்தது. கடைக்குள் வந்தால் மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். "அம்மணி, பொங்குதுங்க!" என்று கத்தினார். இந்தத் தடவை அவர் ரகசியமாகச் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை.

மழைக்கு ஒதுங்கினவர்கள் எல்லாரும் காபி கேட்டார்கள். "ஆத்தா மனசு எறங்கிட்டா" என்றார் ஒருவர். நங்கையாவும் அதையே சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது ரொம்ப நாளைக்குப் பிறகு. அவளுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று யோசித்தேன். கல்லா நிறையும்போது அதில் அவள் உட்கார்ந்திருந்ததால் இருக்கலாம்.

மே 3, சனி

ஆத்தா மனசு இறங்கியது நல்லதுதான். ஆனால் அவள் எந்த வழியாக இறங்கினாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

காலையிலிருந்து மாஸ்டரைக் குடைந்து எடுத்தேன். நேற்று என்ன வித்தியாசம்? அதே பானை, அதே கரண்டி, அதே அடுப்பு, அதே பால். "ஒண்ணும் இல்லீங்க, நங்கையாம்மா பாட்டுக்குக் கல்லால உக்காந்திருந்தாங்க, நான் பாட்டுக்கு வேலை செஞ்சனுங்க" என்றார். பத்தாவது தடவை கேட்டபோது தலையைச் சொறிந்தார். "மழைல கொடில காஞ்ச பால் துணி சேத்துல உழுந்திருச்சுங்க. புதுசா மல்துணி ஒண்ணு கிழிச்சு அதுல வடிகட்டுனனுங்க. அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதானாம்! பால் வந்ததும் பானையில் ஊற்றும்போது வடிகட்டுகிற துணி. காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. நடுவில் அலசிக் கொல்லைக் கொடியில் காயப்போடுவது. பானையைத் தேய்த்தேன், தொட்டியைக் கழுவினேன், பாவப்பட்ட ரங்கசாமியை அழவைத்தேன், துணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

செவ்வாய்க்கிழமை வரட்டும்.

மே 6, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ரங்கசாமி வருவதற்கு முன்னால் கொல்லை வழியாகத் திரும்பி வந்தேன். கொடியில் துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. எடுத்து நாக்கில் வைத்தேன். புளிப்பு! பல் கூசுகிற புளிப்பு. கறிவேப்பிலைச் செடியடியில் பார்த்தேன். பிழிந்த எலுமிச்சம்பழத் தோல், ஒன்றிரண்டு இல்லை, ஒரு குவியல்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆக, இவள்தான். தம்பி பெண்டாட்டி நாலு காசு பார்ப்பது பொறுக்காமல், செவ்வாயும் வெள்ளியும் கோயில் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து என் பாலைக் கெடுத்திருக்கிறாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கல்லா மேல் வீசினேன்.

"இதை எதுக்குப் பண்ணுனீங்க நங்கையா? என்னையக் கடைய மூட வெக்கறதுக்கா?"

அவள் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் புரியாத முகம்.

"எதப் பண்ணுனேன்?"

"இந்தத் துணில எலுமிச்சங்காயப் புழிஞ்சது யாரு?"

"நாந்தான்" என்றாள், அது என்ன பெரிய கேள்வி என்பது மாதிரி. "மொதல் தடவை பால் திரிஞ்சப்ப அந்த நல்லம்மா கோயல்ல வெச்சு உன்ற கையப் பத்திப் பேசுனா. நாலு பேர் கேட்டுட்டு நின்னாங்க. எனக்குப் பத்திட்டு வந்துச்சு. பூசாரிகிட்டச் சொல்லி ஆத்தா கழுத்து மாலைல கெடந்த பழத்த வாங்கியாந்தேன். பாலு எது வழியா உள்ள வருதோ அதுக்குத்தான கண்ணேறு கழிக்கோணும்? துணிய அதுல ஊற வெச்சேன்."

"ஊற வெச்சு அலசவே இல்லையா?"

"ஆத்தா கழுத்துப் பழம் கமலா. அந்தத் தண்ணியச் சாக்கடைலயா உடறது? புழிஞ்சு செடிக்கு ஊத்திட்டுக் காயப்போட்டேன்."

"பால்ல எலுமிச்சங்காய் பட்டாத் திரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பால்ல யாரு புழிஞ்சா? துணிலதான் புழிஞ்சேன். காஞ்சு போச்சுல்ல? காஞ்ச துணில என்ன புளிப்பு இருக்கும்?"

நான் துணியை நீட்டினேன். நாக்கில் வைத்தாள். அப்போது அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. பால் திரியத் திரிய, பரிகாரம் போதவில்லை என்று இன்னும் ரெண்டு பழம் அதிகமாகப் பிழிந்திருக்கிறாள். கண்ணேறு கழிக்கக் கழிக்கப் பால் திரிந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு எங்கம்மா அப்புடிச் சொன்னப்ப நான் வாயத் தொறக்கலை. சோத்துக்கு உப்புப் போட்டுத் திங்கறவதான நானும், ஒரு வார்த்தை சொல்லலை. நாலு வருசமா அது நெஞ்சுல கெடந்து அறுக்குது. உனக்கு ஒரு நல்லதாச்சும் பண்ணலாம்னு பாத்தா, இப்புடியா பண்ணி வெச்சிருக்கறேன்?"

என் சிரிப்பு நின்றது. நாலு வருடமாகத் தினமும் வருகிற தூக்குப்போசி. "தின்னுட்டு வா" என்ற அதட்டல். வேவு பார்க்கிறாள் என்று நான் எழுதி வைத்ததெல்லாம் இந்த டைரியிலேயே இருக்கிறது, கிழிக்க மாட்டேன். கல்லாவைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டேன். ரெண்டு பேரும் அழுதோம். மாஸ்டர் பயந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

புதுத் துணியில் வடிகட்டினோம். பால் பொங்கியது.

மே 8, வியாழன்

பால் சரியாகிவிட்டது, பேச்சு சரியாகவில்லை. "ஏதோ பரிகாரம் பண்ணீருக்கறா, அது எத்தனை நாளைக்கு?" என்று கடைவீதியில் பேசுகிறார்களாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. எல்லார் கண்ணெதிரிலும் காட்டிவிடப் போகிறேன். துணியைச் சரியாக அலசாதது என் தப்பு என்று சொல்லிவிடுவேன். நங்கையா பெயர் வெளியே வராது. சென்னியப்பண்ணனையும் நல்லம்மாக்காவையும் வரச்சொல்லி மாஸ்டரை அனுப்பினேன். ரகசியமாகச் சொல்லச் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் ஊர் முழுக்கப் போகும்.

மே 9, வெள்ளி

போனது! ஊரே வந்துவிட்டது.

கடை வாசலில் ரெண்டு அடுப்பு, ரெண்டு பானை. ரங்கசாமி எல்லார் முன்னாலும் ஒரே கேனிலிருந்து ஊற்றினார், மாப்பிள்ளை மாதிரி தலைப்பாகை கட்டிக்கொண்டு. இடப்பக்கப் பானைக்கு எலுமிச்சைச் சாற்றில் ஊறிக் காய்ந்த துணி. வலப்பக்கத்துக்கு வெந்நீரில் அலசிய துணி. மாஸ்டர் ரெண்டு அடுப்பையும் பற்றவைத்தார்.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. இடப்பக்கம் முதலில் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்தது. பிறகு மொத்தமாக உடைந்து, கட்டியும் தண்ணீருமாகக் கொதித்தது. "அடடா" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் வலப்பக்கம் நுரை எழும்பி, விளிம்பைத் தொட்டு, வழிந்து இறங்கியது. கை தட்டினார்கள். காபிக்கடை வாசலில் பால் பொங்கியதற்குக் கை தட்டி நான் பார்த்ததில்லை.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இவ்வளவு நாளும் துணிய ஒழுங்கா அலசாம உட்டது என்ற…" என்று ஆரம்பித்தேன்.

"அவ இல்லீங்க. நாந்தானுங்க" என்று ஒரு குரல். நங்கையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கண்ணேறு கழியட்டும்னு துணில எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சது நானு. அலசாதது நானு. ஆகாத கைன்னு யாராச்சும் சொல்லோணும்னா என்ற கையச் சொல்லுங்க." நேராக நல்லம்மாக்காவைப் பார்த்தாள். "இந்தப் புள்ளை கைல ஒரு கோளாறும் இல்லை. இத நாலு வருசத்துக்கு முன்னாலயே நான் சொல்லியிருக்கோணும்."

நல்லம்மாக்கா பேசாமல் நின்றதை உடுமலை முதல் தடவையாகப் பார்த்தது.

மாஸ்டர்தான் காரியத்தைப் பார்த்தார். திரிந்த பாலில் சர்க்கரையைக் கொட்டிக் கிளறி, ஏலக்காய் தட்டிப்போட்டுத் திரட்டுப்பாலாக இறக்கிவிட்டார். இத்தனை நாள் ஆகாது என்று கீழே ஊற்றிய பாலை இப்படிச் செய்திருக்கலாமே என்று எனக்கு வயிறு எரிந்தது. எல்லாருக்கும் இலைத் துண்டில் ஒரு கரண்டி. சென்னியப்பண்ணன் ரெண்டு தடவை வாங்கித் தின்றார். விரலை நக்கிக்கொண்டே, "கடை உனக்குத்தாம்மா. நாளைக்கே எழுதீரலாம். வைகாசிக்குக் காபியும் நீதான்" என்றார். பேக்கரிக்காரர் டேப்பை வேறு எங்காவது விரிக்கட்டும்.

மே 28, புதன்

சென்னியப்பண்ணன் புது வீடு. விடியற்காலை முகூர்த்தம். நானும் மாஸ்டரும் பின்கட்டில் காபிப் பாத்திரங்களோடு இருந்தோம். உள்ளே பால் காய்ச்சுகிற நேரம் வந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நல்லம்மாக்கா பின்கட்டுக்கு வந்தார். பட்டுப்புடவை, கையில் தீப்பெட்டி.

"கமலா, உள்ள வா. நீ வந்து அடுப்பப் பத்த வெச்சுப் பாலை வெய்யி."

"நானெதுக்குங்க அக்கா? உங்க ஊட்டு நல்ல காரியத்துல…"

"அன்னைக்கு நாம் பேசுனது பேச்சில்லை. அதத் திரும்ப முழுங்க முடியாது. இதத்தான் செய்ய முடியும்" என்றார். தீப்பெட்டியை என் கையில் வைத்தார். "முகூர்த்தம் போகுது. வா."

உள்ளே ஒரு மாமா முனகினார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் நல்லம்மாக்கா. அவர் சும்மா இருந்தார். கூட்டத்தில் நங்கையா நின்றாள், இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் குச்சி அணைந்தது. ரெண்டாவது பற்றியது. பாலை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பிறகு அது பொங்கியது. கிழக்குப் பக்கமாக, விளிம்பு முழுக்க நுரையோடு வழிந்தது. "பொங்கிருச்சு!" என்று வீடே கத்தியது. எல்லாரையும் விட உரக்கக் கத்தியது பின்கட்டிலிருந்து மாஸ்டர்.

மே 29, வியாழன்

இன்று காலை மாஸ்டர் சீக்கிரமே வந்துவிட்டார். தீப்பெட்டியை எடுக்கப் போனவரிடம் கையை நீட்டினேன். ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டு, டம்ளர் கழுவப் போனார்.

கடை அடுப்பை நான் பற்றவைத்தேன். முதல் காபி நங்கையாவுக்கு. சர்க்கரை போதவில்லை என்று திட்டினாள்.